கோதண்டபாணியின் குடல் கோடு

கொள்ளிடம் கடலில் சேரும் இடத்துக்குச் சற்றுத் தெற்கே, உப்பங்கழி இரண்டாகப் பிரிந்து போய் பிறகு மனம் மாறி ஒன்றாகச் சேர்கிற கருங்கழிமேட்டில், வாயை மட்டுமே முதலாகப் போட்டுத் தொழில் செய்த ஒருவன் இருந்தான் என்றால் அது நான்தான். என் பெயர் கோதண்டபாணி. எந்தப் புதுத் தொழில் வந்தாலும் அதில் முதலில் விழுவது நானாகவும், நான் விழுந்ததைப் பார்த்து மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வதாகவும் இருந்ததால், ஊரையே நஷ்டத்திலிருந்து காப்பாற்றிய எனக்கு ஒரு மாலைகூடப் போடாதது ஊரின் நன்றிகெட்டத்தனம் என்று நெடுநாள் நினைத்திருந்தேன்.

ஈமு கோழி வளர்த்தேன். என் அண்ணன் திருமேனி புதுவீடு கட்டிக் குடிபுகுந்த அன்று அதில் ஒன்று வேலியைத் தாண்டிப் பந்தலுக்குள் நுழைந்து, ஹோமம் செய்துகொண்டிருந்த ஐயரைப் பார்த்துத் தானும் பயந்து அவரையும் பயமுறுத்தி, பாயச அண்டாவைக் கவிழ்த்துவிட்டு மறுபக்கமாக வெளியே போனது. அன்றிலிருந்து அண்ணன் என்னோடு பேசுவதில்லை. தெருவில் எதிரே வந்தால் ஈமு வருவதுபோல ஒதுங்கி நின்று வழிவிடுவார். அவர் திட்டியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தேறியிருப்பேன். வழிவிடுகிறவரிடம் என்ன பேசுவது?

அதற்குப் பிறகுதான் இறால் குஞ்சுக்கு வந்தேன். எங்கள் பக்கம் அண்ணன் உட்படப் பலரும் இறால் குட்டை வைத்திருப்பவர்கள். பொரிப்பகத்திலிருந்து ஆக்ஸிஜன் அடைத்த பைகளில் வருகிற குஞ்சு இமைமுடி அளவுதான் இருக்கும். அதை நேராகக் குட்டையில் கொட்டினால் பாதி எங்கே போனது என்று கடவுளுக்கும் தெரியாது. அதனால் நடுவில் ஒரு பால்வாடி வேண்டும், அங்கே கொஞ்ச நாள் வளர்த்து விரல்கணு அளவு ஆனதும் குட்டைக்கு அனுப்ப வேண்டும் என்பது என் யோசனை. என் யோசனை என்று ஊரில் சொல்லிக்கொண்டேனே தவிர, சென்னைப் பக்கம் ஒரு பயிற்சியில் ஒருவர் திரையில் படம் போட்டுக் காட்டியதுதான் அது.

தார்ப்பாய் கட்டிய வட்டத் தொட்டிகள், மேலே நிழல்வலை, அடியில் ஓயாமல் காற்றூதும் குழாய்கள். தண்ணீரை மாற்றுவதே இல்லை. குஞ்சுகளின் கழிவு சேர்ந்த தண்ணீரில் கரும்பாலைப் பாகை ஊற்றிக் காற்றடித்துக்கொண்டே இருந்தால், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் பெருகி, ஒன்றோடொன்று ஒட்டிப் பழுப்பு நிறத்தில் துகள் துகளாகத் திரண்டு, கழிவைத் தின்று, பிறகு தாங்களே குஞ்சுக்குத் தீனியாகிவிடும். இதற்கு பயோஃப்ளாக் என்று பெயர். ஊரில் பாயசத் தொட்டி என்று பெயர். பாயசத்தைக் கவிழ்த்தவன் இப்போது பாயசம் காய்ச்சி இறாலுக்கு ஊட்டுகிறான் என்று முதலில் சொன்னது என் அண்ணி என்றும், அதைக் கேட்டு அண்ணன் சிரித்தார் என்றும் கேள்விப்பட்டேன். சிரித்தார் என்பதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான்.

குஞ்சு நன்றாக இருக்கிறதா என்று பார்க்க ஒரே வழி, கண்ணாடிக் கிண்ணத்தில் கொஞ்சம் மொண்டு வெளிச்சத்துக்கு எதிரே பிடிப்பது. அதன் உடம்பே கண்ணாடி. உள்ளே தலையிலிருந்து வால்வரை கறுப்பாக ஒரு கோடு ஓடும். அதுதான் குடல். கோடு முழுதாக இருந்தால் நன்றாகச் சாப்பிட்டிருக்கிறது. விட்டு விட்டு இருந்தால் ஏதோ சரியில்லை. நானும் என் மனைவி தையல்நாயகியும் நாள் முழுதும் அந்தக் கோட்டைப் பார்த்துக் கொண்டிருந்தோம். அவள் வாயைத் திறக்காமல் பார்ப்பாள். நான் பார்த்ததைவிட அதிகமாகச் சொல்வேன்.

அப்படியிருக்க, பங்குனி மாதம் ஒரு காலையில் நான் சட்டையில்லாமல் தொட்டி ஓரம் நின்று காபி குடித்துக்கொண்டிருந்தேன்.

"ஏங்க, காபி இறங்குறது தெரியுது" என்றாள் தையல்நாயகி.

"சூடா இருக்குல்ல. தெரியத்தான் செய்யும்."

"உங்களுக்கு இல்ல. எனக்குத் தெரியுது."

குனிந்து பார்த்தேன். என் தோலும் சதையும் குஞ்சு இறாலின் உடம்புபோல லேசான பச்சை ஓடிய கண்ணாடியாகியிருந்தன. உள்ளே விலா எலும்புகள் ஓலைக்கீற்றுபோல வரிசையாக நின்றன. அவற்றின் பின்னால் காபி ஒரு பழுப்புக் கயிறாக இறங்கி, ஓர் இடத்தில் வளைந்து, பைபோன்ற ஒன்றுக்குள் தேங்கியது. இதயம் நான் நினைத்திருந்ததைவிடச் சிறிதாக இருந்தது; அதில் எனக்கு ஏமாற்றம்தான். தையல்நாயகி என்னைச் சுற்றி ஒருமுறை நடந்து வந்தாள். எனக்குப் பின்னால் வந்தபோது நின்றுவிட்டாள்.

"சட்டையப் போட்டுக்கிட்டு வாங்க. ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"காத்து ஊதுற மெஷின யாரு பாக்குறது? குஞ்சு வெளிய போகட்டும். அப்புறம் பாத்துக்கலாம்."

"நான் பாத்துக்குறேன்."

"உனக்கு இதெல்லாம் புரியாது" என்றேன். பாகு ஊற்றும் அளவிலிருந்து காற்றுக் குழாயின் அடைப்பு எடுப்பதுவரை அவள்தான் செய்துகொண்டிருந்தாள் என்பதையும் சேர்த்துப் படித்தால்தான் இந்தப் பதிலின் அழகு விளங்கும்.

ஊர் என்னை ஏற்றுக்கொண்ட வேகம் எனக்கே கொஞ்சம் அவமானமாக இருந்தது. ஒரு மனிதன் கண்ணாடியாகிவிட்டான் என்றால் நாலு பேராவது மயங்கி விழ வேண்டாமா? டீக்கடை ஜெயசீலன் என் வயிற்றை உற்றுப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது நம்ம கடை வடை இல்லையே, எங்க தின்னீங்க" என்று கேட்டார். பள்ளிக்கூடத்து எஸ்தர் டீச்சர் பிள்ளைகளை வரிசையாக அழைத்து வந்து என்னை வெயிலுக்கு எதிரே நிறுத்தி, கல்லீரல், மண்ணீரல், சிறுகுடல் என்று பிரம்பால் தொடாமல் காட்டினார். என் கல்லீரல் புத்தகத்தில் இருப்பதைவிடக் கொஞ்சம் பெரிது என்று அவர் சொன்னதற்கு நான் நன்றி சொன்னேன். சாப்பிட அடம்பிடிக்கும் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்த பெண்கள், "பாரு, மாமா வயித்துல கீரை எவ்ளோ அழகா போவுது" என்று காட்டிவிட்டு, அப்படியே ஒரு வாய் ஊட்டிவிட்டுப் போனார்கள். கோயிலில்தான் சிறு சிக்கல் வந்தது. ஆண்கள் மேல்சட்டை இல்லாமல் நிற்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். ஆனால் நான் நின்றால் தீபாராதனை நேரத்தில் எல்லோரும் சாமியை விட்டு என்னைப் பார்த்தார்கள். கடைசியில் நான் துண்டு போர்த்திக்கொண்டு தூணுக்குப் பின்னால் நிற்பது என்று முடிவாயிற்று. வேட்டிக்கு உள்ளே இன்னொரு வேட்டி கட்டிக்கொண்டேன். அதை யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னைக் கெடுத்தது. ஊர் என்னிடம் அன்பாகிவிட்டது. ஜெயசீலன் டீயில் பால் கூட்டினார். என்னைப் பார்த்தால் பேச்சை மாற்றிக்கொள்ளும் ஆட்கள், நான் மூச்சு வாங்காமல் பயோஃப்ளாக் பற்றிச் சொல்வதைக் கடைசிவரை நின்று கேட்டார்கள். குட்டைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து, குஞ்சு வளரட்டும் என்றுகூடக் காத்திராமல், "இப்பவே குடுத்துடுங்க" என்று வாங்கிப் போனார்கள். உடம்பையே திறந்து காட்டுகிறவன் தொழிலில் எதை மறைக்கப் போகிறான் என்ற நம்பிக்கை வந்துவிட்டது என்று நான் கணக்குப் போட்டேன். இந்தத் தத்துவத்தைத் தையல்நாயகியிடம் சொன்னபோது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு தொட்டியில் கையை விட்டுத் துழாவினாள்.

ஒருநாள் என் அண்ணனே வந்தார். பேசவில்லை. எனக்குப் பின்னால் போய் நின்றார். நான் திரும்ப, அவரும் சுற்றி வந்து மறுபடி பின்னால் நின்றார். பிறகு தையல்நாயகியிடம் மட்டும், "மிச்சமிருக்குற மூணு தொட்டியும் எனக்கு வேணும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று மாலை அவர் வீட்டிலிருந்து நண்டுக் குழம்பு வந்தது. நான் அதை ரசித்துச் சாப்பிட்டேன். அது இறங்குவதையும் கண்ணாடியில் ரசித்துப் பார்த்தேன். என் அண்ணன் தோற்றுவிட்டார் என்று முடிவு செய்தேன்.

அந்த மிதப்பில்தான் இறால் வளர்ப்போர் கூட்டத்தில் பேச ஒப்புக்கொண்டேன். சட்டையில்லாமல் மேடை ஏறினேன். விளம்பரம் என்றால் முழுதாக இருக்க வேண்டும். எடுத்த எடுப்பிலேயே, இந்த ஊர் என்னைப் புரிந்துகொள்ள இத்தனை காலம் ஆயிற்று, பரவாயில்லை என்று தாராளமாக மன்னித்தேன். பிறகு படம் வரைந்து விளக்குவதற்காகப் பலகைப் பக்கம் திரும்பினேன். என் முதுகுக்குப் பின்னால் கூட்டம் அப்படியே அடங்கிப்போனது. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். ஒரு பெண் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு வெளியே போனாள். நுண்ணுயிர்களைப் பற்றிப் பேசி ஒரு கூட்டத்தை அழவைத்தவன் இந்தக் கடற்கரையில் நான் ஒருவன்தான் என்று வீடு திரும்பும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். "ஆமாங்க" என்றாள் தையல்நாயகி.

கடைசித் தொட்டியைக் காலி செய்யும் நாள் வந்தது. அண்ணனின் ஆட்கள் பீப்பாய்களோடு வந்திருந்தார்கள். வேடிக்கை பார்க்கப் பாதி ஊர் வந்திருந்தது. அண்ணனும் வேலியோரம் தனியே நின்றார். அப்போது வேதாரண்யம் பக்கத்திலிருந்து கஜபதி என்ற வியாபாரி, என் புகழைக் கேள்விப்பட்டு அடுத்த முறைக்குக் குஞ்சு கேட்க வந்தார். அவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவருக்கும் எங்கள் ஊரில் யாரையும் தெரியாது. நான் தொட்டிக்குள் குனிந்து கிண்ணத்தில் குஞ்சு மொண்டுகொண்டிருந்தேன்.

"என்னங்க, வெள்ளைப்புள்ளி இருக்கே" என்றார் எனக்குப் பின்னாலிருந்து.

இறால் தொழிலில் அந்த வார்த்தையைச் சொல்வது கல்யாண வீட்டில் ஒப்பாரி வைப்பதற்குச் சமம். அந்த நோய் வந்த குட்டையில் ஒரு வாரத்தில் ஒன்றும் மிஞ்சாது. எனக்குக் கண் சிவந்துவிட்டது. ரத்தம் ஏறியதையும் எல்லோரும் என் உடம்புக்குள்ளேயே பார்த்திருப்பார்கள்.

"என் தொட்டியிலயா வெள்ளைப்புள்ளி? லேப்புக்கு எடுத்துட்டுப் போங்க. எந்த லேப்புக்கு வேணாலும். ஒரு குஞ்சுல ஒரு புள்ளி காட்டுங்க, நான் மீசைய எடுத்துடுறேன்."

"குஞ்சுல இல்லைங்க" என்றார் அவர், தவறான வீட்டுக் கதவைத் தட்டிவிட்டவரைப்போல. "உங்க முதுகுல. இதயத்துக்குப் பின்னால. நெல்லிக்காயாட்டம் தெரியுது."

நான் சுற்றிலும் பார்த்தேன். ஜெயசீலன் தன் செருப்பைப் பார்த்தார். எஸ்தர் டீச்சர் நிழல்வலையைப் பார்த்தார். குட்டைக்காரர்கள் பீப்பாய்களுக்குள் பார்த்தார்கள். என்னைப் பார்த்தவள் தையல்நாயகி மட்டும்தான்.

வீட்டுக்குள் வந்து கேட்டேன். "எப்பத்திலேருந்து தெரியும்?"

"காபி இறங்குன அன்னிக்கே."

"ஊருக்கெல்லாம்?"

"நீங்கதான் சட்டையே போடுறதில்லையே."

முன்பக்கம் இதயம் மறைத்துக்கொண்டிருந்ததால் கண்ணாடியில் எனக்குத் தெரியவில்லை. பின்பக்கம் ஊருக்கே தெரிந்திருந்தது. நான் தூங்கும்போது தையல்நாயகி என் முதுகைப் படம் எடுத்துக்கொண்டு போய்த் தஞ்சாவூரில் ஒரு டாக்டரிடம் காட்டியிருந்தாள். அது கட்டி, சீக்கிரம் கூட்டி வாருங்கள், எடுத்துவிடலாம், தள்ளிப்போட வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்தார்.

"நேராச் சொல்றதுக்கென்ன?"

"மூணு தடவ ஆஸ்பத்திரின்னு வாயெடுத்தேன். மூணு தடவையும் குஞ்சு போகட்டும்னீங்க. புள்ளின்னு சொன்னா சோறு இறங்காது உங்களுக்கு, குஞ்சையும் விடமாட்டீங்க. எனக்கு உங்களத் தெரியும்." அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "அதான் உங்க அண்ணன்கிட்ட போனேன். தொட்டி காலியானா உங்களுக்குச் சாக்குச் சொல்றதுக்கு ஒண்ணும் இருக்காதுன்னு அவர்தான் சொன்னாரு. எல்லாரையும் குஞ்சு வாங்கச் சொல்லி வீடு வீடாப் போனதும் அவருதான்."

ஒரு மனிதனுக்கு இதயத்துக்குப் பின்னால் கட்டி இருக்கிறது என்று தெரிந்த நாளில், அவன் உயிரைப் பற்றித்தான் கவலைப்படுவான் என்று நீங்கள் நினைத்தால் என்னை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. என் மனம் முழுதும் அந்தக் குட்டைக்காரர்கள் மேலேயே இருந்தது. ஒருவர்கூட என் குஞ்சுக்காக வரவில்லை. பேச்சைக் கேட்டு அழுதவர்கள் என் முதுகைப் பார்த்து அழுதிருக்கிறார்கள். டீயில் கூடிய பால்கூட எனக்காக வந்தது இல்லை, அந்த நெல்லிக்காய்க்கு வந்தது. மறுநாள் விடிந்ததும் பொரிப்பகத்துக்குப் போன் போட்டு, புது லோடு குஞ்சு அனுப்பச் சொன்னேன். தையல்நாயகி அழுதுகொண்டே தொட்டியைக் கழுவினாள். அவள் அழுது நான் அப்போதுதான் பார்த்தேன். பார்த்தும் போனை வைக்கவில்லை.

நண்பகலில் அண்ணன் வந்தார். தீவன மூட்டை ஒன்றின்மேல் உட்கார்ந்தார். அவர் வேட்டி முழங்கால்வரை சேறாக இருந்தது.

"புது லோடு சொல்லியிருக்கியாமே" என்றார். ஈமு ஓடிய நாளுக்குப் பிறகு என்னிடம் அவர் சொன்ன முதல் வார்த்தை.

"ஆமா. தொழில் பண்ணணும்ல. இரக்கப்பட்டு வாங்காத ஆளுங்களுக்கு விக்கணும்."

"நான் இரக்கப்பட்டுத்தான் வாங்குனேன்."

"தெரியும்."

"முழுசாக் கேளு. என் குட்டை ரெடியாக்கூட இல்ல. சுண்ணாம்பு போட்டது ஆறல. எப்படியும் உன் குஞ்சு சாகப்போவுது, எங்க கொட்டுனா என்னன்னு நெனச்சுத்தான் மொதத் தொட்டியக் கொட்டுனேன்." சேற்றுக் கையை மூட்டையில் துடைத்தார். "இன்னிக்கு வலை வீசிப் பாத்தேன். சாகல. நேராப் பொரிப்பகத்துலேருந்து வாங்கி விட்ட குட்டையில பாதிகூடக் காணோம். உன் குஞ்சு துள்ளுது. எனக்கு ஆத்திரமா வருதுடா."

"எதுக்கு?"

"இத்தன வருஷம் எல்லாத்தையும் கெடுத்துட்டு, கடைசியா ஒண்ண உருப்படியா செஞ்சிருக்க. செஞ்ச கையோட சாகப் பாக்குறியே. அதுக்கு."

வராத பதில் எங்கே முட்டிக்கொண்டு நின்றது என்பதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். என் இதயம் வலையில் விழுந்த இறால்போல அடித்துக்கொள்வதை இருவருமே பார்த்தோம். நான் வெட்கப்பட்டுக் கையை நெஞ்சுக்குக் குறுக்கே வைத்தேன். கையும் கண்ணாடிதான், ஒன்றும் மறையவில்லை. அண்ணன் எழுந்து வேறுபக்கம் திரும்பி நின்றார். அந்த வெயிலில் அவர் எனக்குச் செய்த மரியாதை அது.

"வண்டி சொல்லியிருக்கேன். காலையில ஏறு" என்றார் அங்கிருந்தே.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்து ஆச்சரியப்பட யாருக்கும் நேரமில்லை. ஊசி போடுகிற நர்ஸ், நரம்பு தேடும் வேலை மிச்சம் என்று சந்தோஷப்பட்டார். டாக்டர் என்னை ஜன்னல் வெளிச்சத்தில் திரும்பி நிற்கச் சொல்லி, பேனாவால் முதுகில் ஒரு வட்டம் போட்டார். மயக்க மருந்து ஏறும்வரை நான் அண்ணனிடம், புது லோடு வந்தால் பைகளை உடனே பிரிக்கக் கூடாது, தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டுச் சூடு சமமானதும்தான் பிரிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். "இதெல்லாம் தையல்நாயகி பாத்துக்கும், நீ வாயை மூடு" என்று அவர் சொன்னது கடைசியாகக் காதில் விழுந்தது. வேறு யாராவது அந்த நேரத்தில் அம்மா முகத்தையோ சாமி முகத்தையோ பார்த்திருப்பார்கள். நான் வாயை மூடினேன்.

கட்டியை எடுத்துச் சோதனைக்கு அனுப்பிப் பார்த்ததில் கெட்டது இல்லை என்றார்கள். இன்னும் வளர்ந்து இதயத்தை அழுத்தியிருந்தால் கதை வேறு என்றும் சொன்னார்கள். நான் திரும்பி வந்தபோது புது லோடு குஞ்சுகள் தொட்டி நிறையத் துள்ளிக்கொண்டிருந்தன. தையல்நாயகி பாகின் அளவை மாற்றியிருந்தாள். அதனால் குஞ்சுகள் முன்னைவிட வேகமாக வளர்ந்திருந்தன. நானும் அப்படித்தான் செய்வதாக இருந்தேன் என்று சொன்னேன். கஜபதி மறுபடி வந்து அவளிடமே பேசி முடித்துக்கொண்டு போனார். அவர் கேட்ட கேள்விகளில் ஒன்றுகூட என் உடம்பைப் பற்றியது இல்லை.

தையல் பிரித்த பிறகு, தழும்பிலிருந்து தொடங்கித் தோல் மெல்ல மங்கியது. தண்ணீரில் பால் சொட்டியதுபோல முதுகு கலங்கியது, தோள் கலங்கியது, ஆடி மாதம் முடிவதற்குள் வயிறும் பழைய கறுத்த வயிறாகிவிட்டது. ஊரில் கொஞ்சம் வருத்தம்தான். காலாண்டுப் பரீட்சை முடியும்வரையாவது தாங்காதா என்று எஸ்தர் டீச்சர் கேட்டனுப்பினார். ஜெயசீலன் பாலைக் குறைத்துவிட்டார். கோயிலில் தூணுக்கு முன்னால் வர அனுமதி கிடைத்தது. வந்து நின்றபோது யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தையல்நாயகி மட்டும், நான் ஏதாவது சொன்னால் என் நெஞ்சுப் பக்கம் ஒரு கணம் பார்ப்பாள். ஒன்றும் தெரியாததால், "நெசமாவா" என்று கேட்பாள். கேட்கத் தொடங்கியபின் நான் சொல்வது பாதியாகக் குறைந்துவிட்டது.

அண்ணன் தன் குட்டையில் அறுவடை முடிந்ததும் மறுபடி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். காரணம் யாருக்கும் தெரியவில்லை. பேசிய சில நாள் அவருக்கே கூச்சமாகப் போயிருக்கலாம். ஆனால் தினமும் வெயில் தாழ்ந்ததும் எங்கள் தொட்டியோரம் வந்து அந்தத் தீவன மூட்டைமேல் உட்காருவார். நான் கிண்ணத்தில் குஞ்சு மொண்டு நீட்டுவேன். வாங்கி, வானத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்துவிட்டு, திருப்பித் தருவார். ஒரு வார்த்தை இருக்காது. இருட்டியதும் எழுந்து போவார். என்னோடு பேசாமல் இருப்பதற்காக, அவர் தினமும் என் வீட்டுக்கு வரவேண்டியிருக்கிறது.